டிபரன்சல் மூடியில் எண்ணெய்க் கசிவைத் தடுத்தல்

சுன்னாகம் சந்தைக்கு மரக்கறியும் ஆலைக்கு நெல் மூட்டைகளும் ஏற்றிச் செல்வதற்கென ஜீப்பு, சிறு லொறி முதலிய வண்டிகளைக் கமக்காரர் பலர் சொந்தமாக வைத்திருக்கின்றனர். யந்திரத்தின் எண்ணெயைத் தவறாது பார்ப்பவர்கூடப் பின்னச்சின் நடுவிலுள்ள டிபரன்சல் பெட்டியை நினைப்பதில்லை. வண்டி நின்ற இடத்தில் கரும்புள்ளி விழுந்தால், பழைய வண்டிதானே என்று விட்டுவிடுகின்றனர். அப்பெட்டியில் உள்ளதோ சில போத்தல் எண்ணெய் மாத்திரமே. அது வடிந்து குறையுமாயின் உள்ளிருக்கும் பற்சில்லுகள் உலர்ந்து உராய்ந்து பழுதாகும்; பறித்த கத்தரியும் தக்காளியும் பாதிவழியில் வெயிலில் வாடும்.

கசிவு எங்கிருந்து வருகின்றது என்பதை முதலிற் காணவேண்டும். பெட்டியின் முன்புறச் சீலிலிருந்து வடியும் எண்ணெய் காற்றினாற் பின்னே அடிக்கப்பட்டு மூடியையும் நனைத்துவிடும். ஆகவே அச்சு முழுவதையும் கழுவித் துடைத்து, சில மைல் ஓட்டியபின் பார்ப்பதே முறை. சில்லுகளின் உட்புறத்தில் எண்ணெய் காணப்படின் அது பிறேக்கிற் படியக்கூடும். அவ்வண்டியைப் பாரத்துடன் ஓட்டலாகாது; உடனே திருத்துநரிடம் காட்டவேண்டும்.

அச்சின் மேலுள்ள சிறு சுவாசத் துவாரத்தைப் பலர் அறியார். வயற்சேறு அதனை அடைத்துவிட்டால், ஓட்டத்திற் சூடேறிய காற்று வெளியேற வழியின்றி எண்ணெயை மூடியின் விளிம்பாலும் சீல்களாலும் தள்ளும். சூடான அச்சு வாய்க்கால் நீரில் இறங்கிக் குளிரும்போது, அதே வழிகளால் நீர் உள்ளே இழுக்கப்படும். இத்துவாரத்தைச் சுத்தஞ் செய்யாது புதிய காஸ்கட் இடுவது வீண் வேலை.

மூடியைக் கழற்றத்தக்க வண்டிகளிலேயே பின்வரும் முறை பொருந்தும். சமதரையில் வண்டியை நிறுத்திச் சில்லுகளுக்கு அடைகட்டை வைத்தல் வேண்டும். உயர்த்த நேரின் உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துக. ஜக்கை மட்டும் நம்பி அடியிற் புகுவது உயிராபத்தானது. எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் அடைப்பை முதலிலேயே கழற்றிப் பார்க்கவேண்டும். அது துருப்பிடித்து இறுகியிருந்தால், எண்ணெயை வடித்தபின் மீண்டும் ஊற்ற வழியிராது. பின் மேல் போல்ட்டுகளைச் சிறிது தளர்த்தி விட்டுவைத்து, ஏனையவற்றைக் கழற்றி, மூடியின் அடிப்பாகத்தை மெல்ல நெம்பினால் எண்ணெய் பாத்திரத்தில் இறங்கும்.

அந்த எண்ணெயை நன்றாகப் பார்த்தல் வேண்டும். பால் கலந்தாற்போல இருப்பின் நீர் புகுந்துள்ளது. மெல்லிய உலோகத்தூள் இருப்பது வழமை. செதிலோ பற்துண்டோ கிடந்தால் மூடியைப் பூட்டுமுன் திருத்துநரை அழைக்கவேண்டும்.

மீண்டும் கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் அவசரமே. பற்சில்லுகளைத் துணியால் மூடிவிட்டு, இரு விளிம்புகளிலுமுள்ள பழைய காஸ்கட்டைக் கீறல் விழாமற் சுரண்டுக. பெட்றோல் தொட்ட துணியால் எண்ணெய்ப்பசை அறத் துடைத்து உலரவிடுக. அருகில் நெருப்பு இருத்தலாகாது. மூடியைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்தால் விளிம்பின் வளைவு தெரியும். முன்னர் அளவுக்கு மீறி இறுக்கியதால் போல்ட்டுத் துவாரங்களைச் சுற்றி மேடு எழுந்திருக்கும். மரக்கட்டைமேல் வைத்து மெதுவாகத் தட்டி அதனைச் சமப்படுத்தலாம்.

காஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கன் பசை இடுவதாயின், ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரே கோடாக, போல்ட்டுத் துவாரங்களின் உட்புறமாகச் சுற்றி இடுக. அதிகம் பூசினால் நல்லது என்பது தவறு. பிதுங்கிய பசை உள்ளே அறுந்து விழும். மூடியைப் பொருத்தி எல்லாப் போல்ட்டுகளையும் கையால் திருகியபின், ஒன்றுக்கு எதிரொன்றாகச் சிறிது சிறிதாக, கைந்நூலிற் கூறிய அளவுக்கே இறுக்குக. ஜீப்பு வண்டிகளிற் பெரும்பாலும் 10 போல்ட்டுகள் உள. ஒருபக்கத்தை முற்றாக இறுக்கிவிட்டு மறுபக்கம் செல்லின் மூடி கோணும்.

பசை உறையும் நேரம் குழாயின்மேல் எழுதப்பட்டிருக்கும். மாலையில் ஒட்டி மறுநாட் காலை எண்ணெய் ஊற்றுவது பாதுகாப்பானது. கைந்நூல் கூறும் வகை எண்ணெயை, ஊற்றும் துவாரத்தின் கீழ்விளிம்பைத் தொடும்வரை ஊற்றுக. அதற்கு மேல் நிரப்பினால் அதுவே சீல்களாற் கசியும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாது, மூடிய தகரத்திற் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்கவேண்டும். முதற் பயணம் முடிந்ததும் மூடியின் அடிவிளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்குக.