புல் மருந்தும் உயிரணுச் சோதனையும்

மலேசியாவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், முதுகில் பம்பைச் சுமந்து புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை நெடுங்காலமாகப் பெண்களின் தலையிலேயே விழுந்து வந்திருக்கிறது. அவ்விதம் அடிக்கப்பட்டவற்றுள் மிகக் கொடியது பாராகுவாட். நுரையீரலின் உயிரணுக்கள் தமக்கு வேண்டிய வேறொரு பொருளை இழுத்துக்கொள்ளும் வழியாகவே இதனையும் உள்ளே சேர்த்துக்கொள்ள, அங்கே இது பிராணவாயுவை நாசம் விளைக்கும் ரூபமாக ஓயாது மாற்றி, முடிவில் சுவாசத்தையே அடைத்துவிடுகிறது. இதற்கென நிச்சயமான மாற்று மருந்து இன்றளவும் கிடையாது. 2002-ல் மலேசிய அரசாங்கம் இதனை விலக்க முடிவு செய்து, 2006-ல் அம்முடிவைத் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை விதித்தது.

ஒரு ரசாயனத்தின் குணத்தை மனிதர் நோயுற்றுத்தான் அறியவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இப்போது குறைந்திருக்கிறது. தட்டொன்றின் நுண்ணிய குழிகளில் மனித உயிரணுக்களை வளர்த்து, அவை விஷத்தால் துன்புறுகையில் ஒளிவிடும்படி மின்மினிப் பூச்சியின் மரபணுவொன்றை அவற்றுள் பொருத்தி, குழிக்கொரு ரசாயனமாக இட்டு ஒளியை அளக்கிறார்கள். 2008-ல் அமெரிக்காவில் தொடங்கிய டாக்ஸ்21 திட்டம் சுமார் 10,000 ரசாயனங்களை இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தியது. விஷத்தோடு வேறொரு பொருளையும் சேர்த்து இட்டு, எது உயிரணுவைக் காக்கிறதென்று பார்த்து, அதே தட்டிலேயே மாற்று மருந்தும் தேடலாம்.

ஆயினும், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லி ஈரலில் உருமாறிய பின்னரே முழு உக்கிரம் கொள்வதால், ஈரலின் செயல் இல்லாத உயிரணுக்கள் அதனைச் சாதுவென்று சொல்லிவிடக்கூடும். ஒழுகும் பம்பும், எதிர்க்காற்றும், ஆண்டுக்கணக்கான பழக்கமும் எந்தத் தட்டிலும் இல்லை. ஆகையால், சோதனையில் தேறியது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னாலும் கையுறையைக் கழற்றலாகாது.

2000-ஆம் ஆண்டு ரசாயன விதிகளின்படி, பயன்படுத்தும் ரசாயனங்களின் பட்டியலை வைத்திருப்பதும், அவற்றின் அபாயத்தை மதிப்பிடுவதும், தகவல் ஏட்டைத் தொழிலாளி பார்க்கும்படி வைப்பதும், பயிற்சி அளிப்பதும் முதலாளியின் கடமை. தொழில் சுகாதார வைத்தியர் ஒரு தொழிலாளியை ரசாயனம் கையாளும் வேலையிலிருந்து விலக்கச் சொன்னால் விலக்கியே ஆகவேண்டும். 2024 ஜூன் முதல், உடனடி அபாயத்தை அறிவித்தும் முதலாளி அதனை நீக்காவிடில், அவ்விடத்தை விட்டு அகலும் உரிமையும் சட்டத்தில் உண்டு. மீறல்களைத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவிடம் புகார் செய்யலாம். தொழிலால் வந்த நோய்க்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் நஷ்டஈடு கோரலாம். இப்போது தோட்டங்களில் அதிகமாக வேலை செய்யும் அயல்நாட்டவரும் 2019 முதல் அந்தக் காப்புக்குள் வந்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

மருந்து மேலே கொட்டினால் உடைகளைக் களைந்து சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். விழுங்கிவிட்டவரை வாந்தியெடுக்க வைக்காதீர்கள். வைத்தியர் பினாங்கிலுள்ள தேசிய விஷ மையத்தை விசாரிக்கும்போது முதலில் தேவைப்படுவது அந்த ரசாயனத்தின் பெயர். ஆகவே கிளினிக்குக்குப் போகையில் போத்தலையோ அதன் லேபிளின் படத்தையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள்.