கணினி காட்டும் வன்பொருள் எச்சரிக்கை: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

கணினியைச் சோதிக்கும் மென்பொருளில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றியவுடன், ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து புதியதை வாங்கிவிடுவோர் உண்டு. ஆனால், அத்தகைய எச்சரிக்கைகள் அனைத்தும் பழுதைக் குறிப்பவை அல்ல. அதேவேளையில், எல்லாவற்றையும் புறக்கணித்தால் சேமித்த கோப்புகளை இழக்க நேரிடலாம்.

தவறான எச்சரிக்கை ஏன் வருகிறது?

ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தனது நிலையை 'ஸ்மார்ட்' எனப்படும் பதிவேட்டில் எண்களாகக் குறித்து வைக்கிறது. அந்த எண்களை எந்த முறையில் எழுதுவது என்பதைத் தயாரிப்பு நிறுவனமே தீர்மானிக்கிறது. பொதுவான சோதனை மென்பொருள்களுக்கு எல்லா நிறுவனங்களின் முறையும் தெரிவதில்லை; பிழை அங்கிருந்தே தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, சீகேட் நிறுவனத்தின் பல டிஸ்க்குகளில் 'வாசிப்புப் பிழை விகிதம்' என்ற முதலாம் எண் பதிவு கோடிக்கணக்கில் காணப்படும். அது பிழைகளின் எண்ணிக்கை மட்டுமன்று. டிஸ்க் மேற்கொண்ட வாசிப்புகளின் எண்ணிக்கையும் அதில் சேர்ந்துள்ளது. எனவே, மூல மதிப்பைக் காட்டிலும், அருகில் உள்ள தற்போதைய மதிப்பையே பார்க்க வேண்டும். நிலை மோசமடையும்போது அம்மதிப்பு குறையும். வரம்பு மதிப்பைத் தொட்டால் மட்டுமே டிஸ்க் பழுதை அறிவிக்கிறது.

வெப்பநிலையிலும் இதே குழப்பம் உண்டு. மதர்போர்டில் உணரி பொருத்தப்படாத இணைப்பைச் சில மென்பொருள்கள் 127 டிகிரி செல்சியஸ் எனக் காட்டும். பெரும்பாலான பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, சீராக இயங்கும் கணினியில் மாறாமல் நிற்கும் 127 என்பது வெப்பத்தின் அளவன்று.

கவனிக்க வேண்டிய எண்கள்

'ஸ்மார்ட்' பதிவேட்டில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்கள் முக்கியமானவை. பழுதான பகுதிகள் மாற்றிடத்துக்கு நகர்த்தப்பட்டதை 5-ஆம் எண்ணும், வாசிக்க இயலாமல் நிலுவையில் உள்ள பகுதிகளை 197-ஆம் எண்ணும், சரிசெய்ய முடியாத பகுதிகளை 198-ஆம் எண்ணும் குறிக்கின்றன. இவற்றின் மூல மதிப்பு நாளுக்கு நாள் உயர்ந்தால் தாமதம் கூடாது.

199-ஆம் எண் உயர்ந்தால், பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை. அதை இணைக்கும் கேபிளில் உள்ளது. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண்ணிக்கை குறையாது என்பதால் மென்பொருள் தொடர்ந்து எச்சரிக்கலாம். எண் மேலும் கூடாமல் நின்றால் சிக்கல் தீர்ந்தது என்று கொள்ளலாம்.

எச்சரிக்கை இல்லாவிட்டால் பாதுகாப்பா?

அப்படியும் கருத இயலாது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு 'ஸ்மார்ட்' அறிகுறிகளில் எதையும் காட்டவில்லை எனத் தெரியவந்தது.

அச்சத்தை முதலீடாக்கும் மோசடி

விண்டோஸ் கணினிகளில் உள்ள 'ஈவென்ட் வியூவர்' பதிவேட்டில், நன்கு இயங்கும் கணினியிலும் சிவப்புக் குறியுடன் பிழைகள் இருக்கும். அவற்றில் அடிக்கடி தென்படும் 10016 என்ற பதிவைப் புறக்கணிக்கலாம் என மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தெரிவித்துள்ளது. ஆனால், தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் அழைக்கும் மோசடியாளர்கள், இப்பதிவுகளைக் காட்டியே பணம் பறிக்கின்றனர்.

மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் அளித்த புகார்களின் பேரில் பதிவான இத்தகைய போலி உதவி மைய வழக்குகள் உள்பட, பல இணையவழி நிதி மோசடி வழக்குகளில் சிபிஐ 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடு முழுவதும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது.

செய்ய வேண்டியவை

* எச்சரிக்கை உண்மையோ பொய்யோ, முதலில் முக்கியக் கோப்புகளை வேறொரு சாதனத்தில் நகலெடுக்க வேண்டும்.
* டிஸ்க்கைத் தயாரித்த நிறுவனத்தின் சோதனை மென்பொருளில் முழுச் சோதனையை நடத்த வேண்டும்.
* சந்தேகத்துக்குரிய எண்ணைக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்து ஒப்பிட வேண்டும்.
* கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அறிமுகமற்றவர்களுக்கு அனுமதி அளிக்கக் கூடாது.

மோசடியில் பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.