வரப்பில் பிசகினால் ஒரு நியாயம், லாரிப் பலகையில் பிசகினால் ஒரு நியாயம்

மூங்கில்துறைப்பட்டுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் கரும்பு லாரிகள் போவதைப் பார்க்கிறோம். அந்தக் கட்டுகளைச் சுமந்த கால்களை யாரும் விசாரிப்பதில்லை. வெட்டிய அடிக்கட்டைகள் வயலில் ஈட்டிபோல நிற்கும், மேலே சோகை மூடியிருக்கும். தலையில் கட்டு இருப்பவர் கீழே பார்க்க முடியாது. விழ வேண்டாம், வழுக்கவும் வேண்டாம். சும்மா திரும்பினாலே முழங்கால் பிசகிவிடும்.

"எப்படிம்மா அடிபட்டது?" என்று காலனியில் கேட்டால், "அடியெல்லாம் படலங்க, நடந்தேன், பிசகிடுச்சு" என்கிறார்கள். மேஸ்திரி அதையே பிடித்துக்கொள்கிறார். "நடந்ததுக்கெல்லாம் நாங்க பொறுப்பா?" சுளுக்கு வழிக்கிறார்கள், கேட்காவிட்டால் புத்தூர் கட்டு. கூலி போகிறது, வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நிற்கிறது.

2025 வரை நடைமுறையில் இருந்த 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் கேட்டது, வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்தால் வந்த காயமா என்பதைத்தான். இயந்திரம் நசுக்கினால்தான் விபத்து என்பதில்லை. நம் சட்டத்துக்கு முன்மாதிரி இங்கிலாந்துச் சட்டம். அங்கே ஒரு தொழிலாளி, தினமும் செய்வதுபோல ஸ்பேனரால் நட்டை முடுக்கும்போது இறந்தார். ஏற்கெனவே ரத்தக்குழாய் வீங்கியிருந்தவர். அதுவும் விபத்தே என்று 1910-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. "உனக்கு முன்னாடியே மூட்டுவலி" என்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

சிக்கல் வேறிடத்தில். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், டிராக்டர் போன்ற இயந்திரத்தால் விவசாய வேலை செய்பவர் இருந்தார். அரிவாளால் வெட்டுபவர் இல்லை. ஆனால் மோட்டார் வாகனத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர் இருந்தார். அதே ஆள், அதே கட்டு. வயலில் பிசகினால் சட்டம் இல்லை, பத்தடி தள்ளி லாரிப் பலகையில் பிசகினால் இருந்தது! வெறுங்கையால் உழைப்பவர்கள் யார், எந்தத் தெருக்காரர்கள் என்பது ஊருக்கே தெரியும். அவர்களை விட்டுவிட்டு எழுதிய பட்டியலை நாங்கள் தற்செயல் என்று நம்பவில்லை.

கல்வராயன் மலைச் சரிவில் நூறு நாள் வேலைக்கு மண் சட்டி சுமந்தவருக்கு வேறு வழி இருந்தது. 2005-ம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சிகிச்சையை இலவசமாக்கியது. மருத்துவமனையில் சேர்த்தால், கூலியில் பாதிக்குக் குறையாமல் தினப்படியும் தரச் சொன்னது.

ஆஸ்பத்திரிச் சீட்டில் "கால் வலி" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து எதையும் கேட்க முடியாது. லாரியில் கட்டு ஏற்றும்போது பிசகியது என்றால் அதைச் சொல்லி, அப்படியே எழுதக் கேளுங்கள். மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால் இழப்பீடு கேட்கலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இன்று இரவே அம்மாவின் சீட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள்.