தண்ணீர் எங்கே போகிறது?

கொடிகாமத்தில் இருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர்களை ஏற்றி இறக்குவதே எனது தொழில். என்னிடம் இருப்பது 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார். என் கணவர் வாடகைக்கு ஓடிய கார் அது. 2000ஆம் ஆண்டு தென்மராட்சியில் நடந்த சண்டையின்போது அவரை இழந்தேன். மானிப்பாயில் தமையன் வீட்டில் நின்றதால் கார் தப்பியது. விற்றுவிடச் சொன்னவர்களே அதிகம். நான் 2003இல் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து நானே ஓடத் தொடங்கினேன். பிள்ளைகள் இருவரின் படிப்பும் அந்தக் காரின் உழைப்பிலேயே நடந்தது.

2014ஆம் ஆண்டு சித்திரை மாதம் காருக்கு ஒரு வருத்தம் பிடித்தது. காலையில் ரேடியேற்றரை வாய் முட்ட நிரப்புவேன். யாழ்ப்பாணம் போய் வந்து, ஆறிய பின் பார்த்தால் ஒரு லீற்றர் குறைந்திருக்கும். இந்தக் கார் கொள்ளும் தண்ணீரே ஐந்து லீற்றர் சொச்சம்தான். தரையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

ஒருநாள் கைதடியில் கார் இழுக்க மறுத்தது. மைனரில் வெப்பத்தைக் காட்டும் மணி கிடையாது. இழுவை குறைவதும் சுட்ட இரும்பு மணமும்தான் அறிவித்தல். பொனட்டின் ஓரங்களால் ஆவி கிளம்பியது. பின் இருக்கையில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கூலியும் வாங்காமல் வீதியோரம் நின்றேன். காரை மட்டுமல்ல, என்னை நம்பி ஏறுகிறவர்களையும் இழக்கப் போகிறேன் என்ற பயம் அன்றுதான் வந்தது.

தாலிக்கொடியும் காஸ்கட்டும்

கராஜில் பார்த்தவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "இது மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின் அக்கா. ஹெட் காஸ்கட் போயிருக்கும். தலையைக் கழற்றத்தான் வேணும்" என்றார். கூலியும் சாமானும் சேர்த்து நாற்பத்தையாயிரம் ரூபாய் கேட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 1990களில் பெற்றோல் தடை இருந்தபோது, பெற்றோலைச் சிறிது விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில்தானே எங்கள் கார்கள் எல்லாம் ஓடின. நான் அடைவு வைப்பதற்காகத் தாலிக்கொடியை எடுத்துத் துணியில் சுற்றினேன்.

அன்று மாலை, என் கணவரோடு முன்பு கராஜில் வேலை செய்த அயல்வீட்டு ஐயா வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "பிள்ளை, தண்ணி போனால் ஒரு வழியாலதான் போகவேணும். தலையைக் கழற்ற முதல் அந்த வழியைக் கண்டுபிடி. காசு செலவில்லாத சோதனையை முதல் செய்" என்றார். அவர் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே. உங்கள் வீட்டில் பழைய கார், வான், லான்ட்மாஸ்ரர் எது நின்றாலும் இது உதவும்.

ஆறிய பின்பே திறவுங்கள்

சூடான ரேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், உள்ளே தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்தவுடன் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். எஞ்சினை நிற்பாட்டி, கையால் தொடக்கூடிய அளவு ஆறும்வரை பொறுத்திருங்கள். பின்னர் தடித்த துணியை வைத்து மெதுவாகத் திருகுங்கள். கொதித்த எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றவும் வேண்டாம். இரும்பு வெடிக்கக்கூடும்.

வெளியே ஒழுகுகிறதா?

இரவில் காரின் கீழ் பழைய கடதாசி மட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்துக்கு நேரே இருக்கிறது என்று பாருங்கள். மட்டை காய்ந்திருந்தாலும் ஒழுக்கு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் ஒழுகும் தண்ணீர் கீழே விழுமுன் ஆவியாகிவிடும். ஆனால் அடையாளத்தை விட்டுச் செல்லும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணீர். ஒழுகிக் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படையோ துருக்கோடோ தெரியும். ஹோஸ் குழாய்களின் நுனிகள், ரேடியேற்றரின் பொருத்துகள், வாட்டர் பம்பின் அடி, எஞ்சின் பக்கத்தில் உள்ள வட்டத் தகட்டு மூடிகள் ஆகிய நான்கு இடங்களையும் துடைத்துவிட்டு ஓடிப் பாருங்கள். எனது காரில் எல்லாம் சுத்தமாக இருந்தன.

உள்ளே போகிறதா?

ஹெட் காஸ்கட் போயிருந்தால் அதற்கும் அறிகுறிகள் உண்டு. ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்ததுபோல வெளிறிய களி படியலாம். எஞ்சின் நன்றாகச் சூடான பின்பும் சைலன்சரால் வெள்ளை ஆவி வரலாம். நான்கு பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவினதுபோல இருக்கலாம். ஆறிய எஞ்சினை மூடி போடாமல் ஸ்ராட் செய்தால் ரேடியேற்றர் தண்ணீரில் விடாமல் குமிழி வரலாம். இவற்றைக் கண்டால் காரை ஓடாமல் நிறுத்திவிடுங்கள். அப்போது தலையைக் கழற்றத்தான் வேண்டும். எனது காரில் இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

போத்தல் சொன்ன உண்மை

மிஞ்சியது ஒரே ஒரு வழி. ரேடியேற்றரின் கழுத்தில் இருந்து மெல்லிய குழாய் ஒன்று கீழே இறங்குகிறது. மிதமிஞ்சிய தண்ணீர் அதனால் வீதியில் கொட்டும். புதிய வாகனங்களில் அதைப் பிடித்துத் திருப்பி எடுக்க ஒரு போத்தல் இருக்கும். பழைய கார்களில் இல்லை.

முதலில் என் பிழை தெரிந்தது. தண்ணீர் சூடானால் விரியும். வாய் முட்ட நிரப்பினால், விரிந்த அளவு வெளியே போய்த்தான் ஆகும். அதைக் குறைவு என்று நினைத்து நான் மறுபடியும் நிரப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு விரல் கீழே விட்டு நிரப்பிப் பார்த்தேன். இழப்பு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அடுத்த நாள், வெற்றுப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் வாய்க்குள் அந்தக் குழாயின் நுனியை விட்டு, காற்றுப் போக இடைவெளி வைத்துக் கம்பியால் கட்டினோம். யாழ்ப்பாணம் போய் வந்து பொனட்டைத் திறந்தேன். போத்தலில் அரைவாசி தண்ணீர்!

ஐயா மூடியைக் கேட்டார். முந்திய ஆண்டு பட்டினத்தில் வாங்கிய புது மூடி அது. கணவரின் தகரப் பேணியில் கிடந்த பழைய மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெளியே இரண்டும் ஒன்றுபோல இருந்தன. ஆனால் புதியதின் உள்தண்டு கட்டை. அதன் வாசர் கழுத்தின் அடியில் இருக்கையைத் தொடவே இல்லை. அழுத்தம் பிடிக்காததால் தண்ணீர் முன்கூட்டியே கொதித்துக் குழாயால் போயிருக்கிறது. பழைய மூடியின் மேல் 7 என்று பொறித்திருந்தது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் பிடிக்கும் என்பது அதன் பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 110 பாகைக்குச் சற்று மேல் வேண்டும்.

அதே அளவில், அதே நீளத்தில் ஒரு மூடி சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. மறுநாள் போத்தல் வெறுமையாகவே வந்தது. தாலிக்கொடி பெட்டிக்குத் திரும்பியது.

இன்னும் சில

ஒழுக்கை அடைக்க மஞ்சள்தூள் போடுவார்கள். அவசரத்துக்குச் சரி, ஆனால் அது ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். முடிந்தால் மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பைப் படியவைக்கும். கூலன்ட் பாவிக்கிறவர்கள் அதைச் சோடாப் போத்தலில் வைக்க வேண்டாம். அது இனிக்கும், ஆனால் குழந்தைக்கும் நாய்க்கும் கொடிய நஞ்சு. எந்த நாள் எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்று ஒரு சிறு கொப்பியில் எழுதுங்கள்.

கராஜ்காரர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. பார்க்காமல் ஊகித்தார், நானும் கேட்காமல் நம்பினேன். அவர் இன்றும் எனக்கு வேலை செய்கிறார். ஆனால் இப்போது நான், "எதை வைச்சுச் சொல்லுறியள் தம்பி? எனக்கும் காட்டுங்கோ" என்று கேட்கிறேன். அவரும் காட்டுகிறார். பெண் என்று கூச்சப்படாமல் நீங்களும் கேளுங்கள். அடைவுகடைக்குப் போகுமுன் கேளுங்கள்.