தாடி ஓணான் குஞ்சும் கதிரொளியும்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலங்களில் வாழ்வது தாடி ஓணான். சினங்கொண்டால் தாடையின் கீழுள்ள முள் நிறைந்த தோலை விரித்துக் கறுக்கச் செய்யும். அதனால் இப்பெயர் பெற்றது. இன்று பல நாடுகளில் இது வளர்ப்புயிராகவும் உள்ளது.

தாய் மண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுச் சென்றுவிடும். பொரித்து வரும் குஞ்சைப் பேணத் தாய் இல்லை. அதற்கு வெயிலே துணை. கூண்டில் வளர்ப்போர் மறக்கலாகாத உண்மை இதுவே.

ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுள்ள குஞ்சு முதல் ஓரிரு நாள் இரை தேடாது. வயிற்றுள் எஞ்சிய மஞ்சட்கருவே அதன் உணவு. ஆதலின் வற்புறுத்தி ஊட்டுதல் கூடாது. பின்னர்ச் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவிய சிறு பூச்சிகளை அளிக்கலாம். அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தினும் பெரிய இரை ஆகாது.

உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பிற் சேர வைட்டமின் 'டி' வேண்டும். புறஊதாக் கதிர் பட்டால் தோலே அதனை ஆக்கிக்கொள்ளும். சன்னற் கண்ணாடியோ அதற்குரிய கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எனவே, வெளிச்சம் நிறைந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் குஞ்சின் எலும்பு மென்மையுற்று வளையக்கூடும். அக்கதிர் வீசும் தனி விளக்கைக் கண்ணாடி மறைக்காதபடி அமைத்தல் வேண்டும். பெட்டியின் ஒரு முனையில் 40° செ. அளவு வெப்பமும், மறுமுனையில் குளிர்ச்சியும் இருப்பின், குஞ்சு தனக்கேற்ற இடத்தைத் தானே நாடும்.

பெரிய குஞ்சு சிறியதன் வாலையும் விரலையும் கடித்துவிடும். பல்லிக்குப்போல் இதற்கு வால் மீண்டும் வளராது. ஆகவே பருமனுக்கேற்பப் பிரித்து வைத்தல் நலம்.

கண்ணுக்குப் புலனாகும் ஒளி வேறு. எலும்பை உறுதியாக்கும் ஒளி வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தோரிடமே குஞ்சு நலமாக வளரும்.