தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

திருப்பூர் என்றதும் பனியன் நம் நினைவுக்கு வருகிறது. அந்தப் பனியனுக்கு நிறம் ஏற்றிய நீர் பின்னர் என்ன ஆயிற்று என்பதை நன்கு அறிந்தவர்கள் நொய்யல் ஆற்றங்கரை உழவர்கள். கிணற்று நீரை ஏன் சோதிக்க வேண்டும், சோதனை அறிக்கையை எப்படிப் படிக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் நொய்யலின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

நிறம் போயிற்று, உப்பு நின்றது

பருத்தி இழை நீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. சாயத் துகள்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவையே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? இந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையிடம் சேர்ப்பதற்காகச் சமையல் உப்பையோ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டையோ சாயத் தொட்டியில் சேர்க்கிறார்கள். அடர்ந்த நிறம் வேண்டுமானால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு செலவாவதும் உண்டு. ஆனால் உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் கழிவு நீரோடு வெளியேறிவிடுகிறது.

இந்தக் கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாக மாறியது. அணை நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. 1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. அவை நிறத்தையும் கசடையும் பெருமளவு நீக்கின; கரைந்த உப்பை நீக்கவில்லை. பார்வைக்குத் தெளிந்த அந்த நீர் உப்பு நீராகவே ஆற்றில் இறங்கியது.

நொய்யல் ஆயக்கட்டு உழவர்களின் வழக்கில், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே விடப்படலாகாது என்ற நிலையை எட்டுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2009-இல் அதை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின்னர், நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு ஆலைகள் மாற வேண்டியதாயிற்று. எனினும், நிலத்தடி நீரில் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பு ஆணை பிறந்த அன்றே மறைந்துவிடாது. மழை நீர் இறங்கி அதை நீர்க்கச் செய்யப் பல ஆண்டுகள் ஆகும்.

நிறமும் நாற்றமும் இல்லாத இந்த உப்பைக் கண்ணால் காண இயலாது. அதைக் காட்டுவது ஆய்வறிக்கை ஒன்றே.

ஓர் அறிக்கையைப் படிப்போம்

எடுத்துக்காட்டாக, ஒரு கிணற்று நீரின் அறிக்கை இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம். அமில கார நிலையைக் காட்டும் பி.எச். எண் 7.8, மின்கடத்து திறன் மீட்டருக்கு 3.0 டெசிசீமன்ஸ், கரைந்த திண்மங்கள் 1920, கடினத்தன்மை 400, சோடியம் 460, கால்சியம் 80, மக்னீசியம் 48, பைகார்பனேட்டு 366, குளோரைடு 532, நைட்ரேட்டு 60. மின்கடத்து திறனும் பி.எச். எண்ணும் தவிர மற்றவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

இந்த நீர் நல்லதா, கெட்டதா? இப்படிக் கேட்டால் விடை கிடைக்காது. "எதற்கு நல்லது?" என்று கேட்க வேண்டும்.

குடிப்பதற்கு

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் திருத்தி வெளியிட்ட குடிநீர்த் தரத்தில் பல பொருள்களுக்கு இரண்டு எல்லைகள் உள்ளன. முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீர் கிடைக்காதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு. கரைந்த திண்மங்களுக்கு இவை 500, 2000. கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1000. நம் கிணற்று நீர் இம்மூன்றிலும் முதல் எல்லையைத் தாண்டி, இரண்டாம் எல்லைக்குள் நிற்கிறது. அதாவது சோப்பு எளிதில் நுரைக்காது. துவரம்பருப்பு வேக நேரமாகும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு சேரும். நாவில் உப்புக் கரிக்கும்.

நைட்ரேட்டுக்கோ எல்லை ஒன்றே: 45. சலுகை அளவு கிடையாது. நம் நீரில் இருப்பது 60. உர மிகுதியும் கழிவறைக் குழிகளின் கசிவும் நைட்ரேட்டுக்குக் காரணங்கள். புட்டிப்பால் கரைக்க இந்த நீரைப் பயன்படுத்தினால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. ஆகவே இது குடிக்க ஏற்ற நீர் அன்று.

காய்ச்சினால் சரியாகிவிடாதா? காய்ச்சினால் கிருமிகள் அழியும். உப்பும் நைட்ரேட்டும் ஆவியாவதில்லை. நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

கிருமிச் சோதனை தனியானது. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை என்ற நுண்ணுயிர் ஒன்றுகூட இருக்கலாகாது. வீடுகளில் பயன்படுத்தும் பேனா வடிவ டி.டி.எஸ். கருவி, மின்கடத்து திறனை அளந்து கரைந்த உப்பைக் கணக்கிடுகிறது. கிருமியையோ நைட்ரேட்டையோ அது பிரித்துக் காட்டாது. அதில் எண் குறைவாக இருந்தால் நீர் தூயது என்று முடிவு கட்டுவது தவறு.

வயலுக்கு

அதே அறிக்கையை உழவர் வேறு விதமாகப் படிக்க வேண்டும். நைட்ரேட்டு அவருக்குப் பெருந்தீங்கு அன்று. அது பயிருக்கு உணவு. அவர் முதலில் பார்க்க வேண்டியது மின்கடத்து திறன். அமெரிக்காவில் ரிவர்சைடு நகரின் உவர்மண் ஆய்வகம் 1954-இல் வகுத்த பாகுபாட்டின்படி 0.75 வரை கவலை குறைவு, 2.25-க்கு மேல் மிகை உப்பு. நம் நீர் 3.0.

இதன் பொருளை ஒரு கணக்கில் காணலாம். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் நீர் பாய்ச்சினால் ஏறத்தாழ 2,02,000 லிட்டர் செலவாகும். லிட்டருக்கு 1.92 கிராம் உப்பு என்றால், ஒரே பாய்ச்சலில் வயலில் இறங்கும் உப்பு ஏறத்தாழ 390 கிலோ. 50 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் கிட்டத்தட்ட 8 மூட்டை! பயிர் நீரை உறிஞ்சிக்கொண்டு உப்பின் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். மழை குறைந்த கொங்கு நாட்டில் அதைக் கழுவிச் செல்ல நீர் போதாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது சோடியம். கால்சியம் களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். சோடியம் மிகுந்தால் அவை பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மேல்மண் இறுகும், பாய்ச்சிய நீர் இறங்காமல் தேங்கி நிற்கும். இந்த ஆபத்தை அளப்பதுதான் அறிக்கையில் எஸ்.ஏ.ஆர். என்று காணும் சோடியம் உறிஞ்சு விகிதம். சோடியத்தை 23-ஆலும், கால்சியத்தை 20-ஆலும், மக்னீசியத்தை 12-ஆலும் வகுத்தால் முறையே 20, 4, 4 கிடைக்கும். கால்சியம், மக்னீசியம் இரண்டின் சராசரி 4. அதன் வர்க்கமூலம் 2. சோடியத்தின் 20-ஐ 2-ஆல் வகுத்தால் 10. பத்துக்குக் கீழே இருந்தால் ஆபத்துக் குறைவு. நம் நீர் எல்லைக் கோட்டில் நிற்கிறது.

மூன்றாவது, ஆர்.எஸ்.சி. எனப்படும் எஞ்சிய சோடியம் கார்பனேட்டு. பைகார்பனேட்டு 366-ஐ 61-ஆல் வகுத்தால் 6. கார்பனேட்டு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இங்கு அது இல்லை எனக் கொள்வோம். இதிலிருந்து கால்சியம், மக்னீசியம் இரண்டின் கூட்டுத்தொகையான 8-ஐக் கழித்தால் கிடைப்பது -2. இது 1.25-க்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை, 2.5-க்கு மேல் போனால் அந்த நீர் பாசனத்துக்கு ஆகாது.

ஆகவே இந்த நீரை நம்பி வெங்காயமோ அவரையோ பயிரிடுதல் கூடாது. நல்ல வடிகால் உள்ள நிலத்தில் பருத்தி, சோளம், தென்னை ஆகியவை ஓரளவு தாங்கும். சோடியம் மிகுந்த மண்ணுக்கு ஜிப்சம் இடுவது பயன் தரும்; ஆனால் மண் சோதனையில் சொல்லும் அளவிலேயே இட வேண்டும். விடுபட்ட சோடியத்தைக் கழுவி வெளியேற்ற நல்ல நீரும் வடிகாலும் தேவை.

இல்லத்தாருக்கு ஓர் எச்சரிக்கை. உப்பு வகைக் கடின நீர் மென்மையாக்கி, கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைத் தருகிறது. அந்த நீர் துணி துவைக்க ஏற்றது, செடிகளுக்கு ஏற்றதன்று. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி ஒதுக்கித் தள்ளும் நீரும் அவ்வாறே செறிந்த உப்பு நீர்.

மாதிரி எடுக்கும் முறை

தவறாக எடுத்த மாதிரிக்குச் சரியான முடிவு கிடைக்காது. மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். தூய புட்டியை அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் நிரப்பி மூடுங்கள். கிணற்றின் அடையாளம், நாள், எந்தப் பயனுக்கு என்பவற்றை எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியே வேண்டும், அதை அலசலாகாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். குடிநீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும், பாசன நீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும் சோதிக்கலாம்.

அடுத்த தோட்டத்து அறிக்கை உங்களுக்கு உதவாது. கொங்கு நாட்டின் கடினப் பாறையில் வெடிப்புகளின் வழியே நீர் ஓடுவதால், அருகருகே உள்ள இரு கிணறுகளின் நீரும் வேறுபடலாம். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறை சோதியுங்கள். அறிக்கைகளைப் பத்திரப்படுத்தி வரிசையாக ஒப்பிடுங்கள். உப்பு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அதை அறிந்த பின் எந்தப் பயிரை வைப்பது, எந்தக் கிணற்று நீரைக் குடிப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்.