சீனப் பச்சைமெருகுச் சிமிழ்களும் தமிழகப் பீங்கான் ஓடுகளும்

முன்னுரை

தமிழகத் துறைமுக ஊர்களில் கிடைத்துள்ள சீனப் பீங்கான் ஓடுகளுள் கிண்ணங்களும் தட்டுகளுமே மிகுதி. மூடியுடன் கூடிய சிறு சிமிழ்களின் துண்டுகளை அவற்றினின்று பிரித்தறிதல் எளிதன்று. இச்சிமிழ்களின் வடிவ, அணி வளர்ச்சியை விளக்கி, அவற்றை இனங்காணும் கூறுகளைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவகைப் பச்சை

ஹான் காலக் கல்லறைக் கலங்களின் பச்சை, ஈய மெருகில் செம்பு கலந்து குறைந்த வெப்பத்தில் சுட்டதனால் தோன்றுவது. செலடனின் பச்சையோ மெருகிலுள்ள சிறிதளவு இரும்பு, உயிர்வளி குறைந்த சூளையில் ஏறத்தாழ 1200 பாகை செல்சியசு வெப்பத்தில் மாற்றமடைவதால் விளைவது. தமிழகக் கடற்கரையில் பெரிதும் கிடைப்பது இரண்டாம் வகையே.

சிமிழும் அணியும்

செஜியாங் பகுதியின் யுவே சூளைகளில் 9ஆம் நூற்றாண்டுச் சிமிழ்கள் பெரும்பாலும் அணியின்றி அமைந்தன. ஒப்பனைப்பொடி, நறுமணப்பொருள் முதலியன வைக்க இவை பயன்பட்டன. 10ஆம் நூற்றாண்டில் மூடியின் மேற்பரப்பில் இணைக்கிளி, தாமரை முதலியன நுண்கோடுகளாகக் கீறப்பட்டன. யுவே மெருகு மெல்லியதாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் இருந்தமையால் அக்கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. தென் சோங் கால லுங்சுவான் சூளைகளில் மெருகு பல அடுக்குகளாகத் தடித்தபோது நுண்கோடு மறைந்துபோகும் நிலை ஏற்பட்டது; எனவே புடைப்பணி முதன்மை பெற்றது. மேடான இடங்களில் மெருகு மெலிந்து வெளிறியும் பள்ளங்களில் தேங்கி அடர்ந்தும் அணியைப் புலப்படுத்தியது. ஜிங்டெசென் நீலவெண் சிமிழ்களில் அச்சுமுறை பரவியது. சிலவற்றின் அடியில் தயாரித்த குடும்பத்தின் பெயரும் பொறிக்கப்பட்டது.

தமிழகச் சான்றுகள்

இராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தில் 1987இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுள் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் லுங்சுவான் செலடனும் அடங்கும். வாங் தாயுவான் குறிப்பிடும் 'தாபாதான்' இவ்வூரே என்பது நொபொரு கராஷிமாவின் கருத்து. சோழர் தூது 1015இல் சோங் அரசவையை அடைந்த காலம் யுவே சூளைகளின் பிற்காலமாதலின், சோழர்காலத் தலங்களின் ஓடுகளில் யுவே நுண்கோட்டணியைத் தேடுவதும் பொருத்தமுடையது.

இனங்காணும் கூறுகள்

மூடியும் உடலும் பொருந்தும் விளிம்பில் மெருகு நீக்கப்பட்டிருத்தல், மூடி அமர்வதற்கான உட்படி, சிறு விட்டம், உட்புறத்தைவிட வெளிப்புறத்தில் செறிந்த அணி ஆகியவை சிமிழுக்குரியன. உள்நடுவில் அணி பெறும் கிண்ணத்தினின்று இறுதிக்கூறு தெளிவாக வேறுபடுத்தும்.

முடிவுரை

கொல்லம் துறைமுகப் பகுதியில் 2014இல் தூர்வாரியபோது சீனக் காசுகளும் பீங்கான்களும் வெளிப்பட்டன. மேற்குக் கடற்கரையையும் கொங்குநாட்டையும் இணைப்பது பாலக்காட்டுக் கணவாய். அதன் கிழக்கு வாயிலை ஒட்டியது மதுக்கரை. இவ்வழியிலுள்ள மேற்பரப்பாய்வுகளில் பச்சைமெருகு ஓடொன்று கிடைப்பின், அதனை அண்மைக்காலப் பீங்கான் என ஒதுக்குமுன் விளிம்பையும் அணியையும் நோக்குதல் வேண்டும். கிண்ணம் உணவுப் புழக்கத்தையும் சிமிழ் ஒப்பனை, நறுமணப் புழக்கத்தையும் சுட்டுவதால், இப்பாகுபாடு வணிக வரலாற்றோடு வாழ்வியல் வரலாற்றுக்கும் துணைசெய்யும்.